சாக்கர் ஆட்டிய தலை

உலை இருந்த வீட்டில் அரிசி இல்லாமலும் அரிசி இருந்த வீட்டில் ஆள் இல்லாமலும் கிடந்த ஒரு காலத்திலே, பாதி கடலும் பாதி களப்புமாய் இருந்த ஒரு தீவிலே, ஈச்சங்களப்பு என்று ஓர் ஊர் இருந்ததாம். அந்த ஊரிலே ஒரு படைமுகாமும், முகாமுக்குள்ளே ஒரு மேஜரும், மேஜருக்குப் பக்கத்திலே ஒரு வெள்ளைக்காரத் துரையும், அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவிலே ஒரு மாச்சாக்கும் இருந்ததாம்.

மாச்சாக்கு கப்பலில் வந்தது. கோதுமை மனுசருக்கும் மிஞ்சி மாட்டுக்கும் மிஞ்சிப்போன ஏதோ ஒரு தேசத்திலிருந்து, மேல்தட்டில் மாவும் கீழ்த்தட்டில் துவக்கும் தோட்டாவுமாக அந்தக் கப்பல் வந்தது என்று துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்கள் சொன்னார்கள். சாக்கின் முகத்தில் கோதுமைக் கதிரைக் கவ்விய ஒரு புறா, புறாவுக்கு மேலே ‘நட்புடன்’ என்று ஒரு சொல், கீழே ‘விற்பனைக்கு அல்ல’ என்று இரண்டு சொல். ஊர் மாவை அவித்துப் புட்டாக்கித் தின்றது, சாக்குத்துணியை வெட்டித் தலையணை உறை தைத்தது, மிச்சத்தில் சின்னப் பிள்ளைகளுக்குக் காற்சட்டை தைத்தது. ஈச்சங்களப்பில் அந்த நாளில் எந்தப் பிள்ளை குனிந்தாலும் பின்பக்கத்தில் புறா பறந்தது.

முகாமுக்கும் சாக்கு வேண்டியிருந்தது. சுற்றிவளைப்பு என்றால் விடிய முதலே ஊரைச் சுற்றி ஆள் நிறுத்தி, ஆண்பிள்ளைகளைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூட்டிப்போய் வரிசையில் விட்டு, ஒருவனைக் கதிரையில் இருத்தி, அவன் தலைக்கு மேலால் இரண்டு கண்ணோட்டை போட்ட சாக்கைக் கவிழ்த்துவிடுவார்கள். அவனுக்குத் தலையாட்டி என்று பெயர். ஒவ்வொருவராக அவனுக்கு முன்னால் போகவேண்டும். அவன் தலையை ஆட்டினால் போனவனுக்கு லொறி. லொறி தெற்கே போகும். தெற்கே போன லொறி வெறுமையாகத்தான் திரும்பி வரும்.

அந்தச் சாக்குக்குக் கண் வெட்டியவள் பவளராணி. ‘தையலால் நல்லிணக்கம்’ என்ற திட்டத்தில் துரையின் அலுவலகமான கந்தோர் அவளுக்கு ஒரு தையல்மெசின் கொடுத்திருந்தது. மெசின் கொடுத்தவர்கள் கேட்டதைத் தைக்காமல் விட முடியுமா? இரண்டு வட்டம் வெட்டி, நூல் பிரியாமல் இருக்க ஓரத்துக்கு ஓட்டுத்தையலும் போட்டுக் கொடுத்தாள். யாருடைய தலை அதற்குள் போகும் என்று அவள் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. கொடுத்த மாதமே கரப்பந்து விளையாடிக்கொண்டிருந்த பெடியள் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போய்ச் சங்கக்கடையின் பழைய களஞ்சியத்தில் அடைத்தார்கள். அதில் ஒருவன் அவளுடைய தம்பி யோகன். தாயும் தகப்பனும் போனபிறகு அவள் குளிப்பாட்டி, தலை இழுத்து, பள்ளிக்கூடம் விட்டு வளர்த்த தம்பி. அன்றையிலிருந்து பவளராணிக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: யோகன் அந்தக் களஞ்சியக் கதவால் நடந்து வீட்டுக்கு வரவேண்டும், லொறியில் ஏறக்கூடாது.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை, மைதானத்தில், கச்சான் காற்று ஒரு வீச்சு வீசிச் சாக்கின் விளிம்பைத் தூக்கியது. உள்ளே ஆள் இல்லை. கழுத்து இல்லை, சட்டை இல்லை, கதிரைக்குக் கீழே கால் இல்லை. சாக்கு மட்டும் ஓர் ஆள் இருக்கிற உயரத்தில் கதிரைக்கு மேலே நின்றது. நின்று, முன்னால் வந்தவனுக்குத் தலையை ஆட்டியது.

சார்ஜன்ட் குனிந்து உள்ளே பார்த்தான், பழைய மா மணத்துக்கு ஒரு தும்மல் போட்டான், நிமிர்ந்து போய் மேஜரிடம் சொன்னான். மேஜரை ஊர் பவுடர் மேஜர் என்று சொல்லும். சுற்றிவளைப்புக்கு வரும்போதெல்லாம் கழுத்தில் பிள்ளைப் பவுடர் போட்டுக்கொண்டு வருவார், அந்த வாசம் காற்றில் வந்தால் பெடியள் களப்புக்குள் இறங்கிவிடுவார்கள். அவர் கொஞ்சநேரம் யோசித்தார். முன்பு இருந்த தலையாட்டிகள் சோறு தின்றார்கள், அம்மாவைக் கேட்டு அழுதார்கள், ஒருவன் வெயிலில் மயங்கித் தந்திக் கம்பத்துக்கே தலையாட்டினான். இதற்குச் சோறும் வேண்டாம், காவலும் வேண்டாம், இரக்கமும் வேண்டாம். “இதுதான் நல்ல தலையாட்டி,” என்றார் மேஜர். “முதலே இப்படி ஒண்டு தந்திருக்கலாமே.”

உள்ளே இருந்தவன் எங்கே போனான் என்று ஊர் ஒரு பின்னேரம் பேசியது. கரைந்துபோனான் என்றார்கள் சிலர். வெட்கத்தில் சுருங்கிச் சுருங்கி இல்லாமல் போனான் என்றார்கள் சிலர். அடுத்தநாள் மா கொடுக்கிற நாளாக இருந்தபடியால் பேச்சை அதோடு விட்டுவிட்டு எல்லாரும் வரிசையில் இடம்பிடிக்கப் போனார்கள்.

ஆனால் சாக்கை ஊர் விடவில்லை. முதலில் அதற்கு மரியாதை விகுதி வந்தது. சாக்கு என்று சொல்ல வாய் பயந்து சாக்கர் என்று சொல்லப் பழகினார்கள். சாக்கர் கதிரையோடு முகாம் வாசலிலே வேப்பமரத்துக்குக் கீழே இருந்தார். கடலுக்குப் போகிறவன் பாஸ் கேட்டால் அவரைக் கேள் என்றான் காவல்காரன், கேட்டார்கள், அவர் ஆட்டினார், போனார்கள். பிறகு பாஸ் இல்லாத காரியத்துக்கும் கேட்கத் தொடங்கினார்கள். இந்தப் பொருத்தம் சரிவருமோ என்று பெண் வீட்டார் கேட்டார்கள், ஆட்டினார். சரிவராதோ என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டார்கள், அதற்கும் ஆட்டினார். பிள்ளையார் கோவில் ஐயர் புறாவுக்கு மேலே மூன்று குறி விபூதி பூசினார். அதைக் கேள்விப்பட்டு மாதா கோவிலிலிருந்து ஒரு செபமாலை வந்தது. கேட்டதற்கெல்லாம் இசைகிற குணம் கோவிலுக்குள் இருப்பவர்களிடம் கூட இல்லையே என்று வயதானவர்கள் வியந்தார்கள். கரைவலைக்காரர் வள்ளிபுரம் மட்டும், “சாக்கரே, நீர் ஒரு மடையரோ?” என்று கேட்டுப் பார்த்தார். சாக்கர் அதற்கும் ஆட்டினார். வள்ளிபுரத்துக்கு அன்று வயிறு நோகச் சிரிப்பு, அதற்குப் பிறகு பயம்.

சாக்கர் ஆட்டிய ஆட்டு எந்த ஆட்டு என்பதில்தான் எல்லாம் இருந்தது. மேலும் கீழும் போகிற ஆட்டு அல்ல. இடமும் வலமும் அறுத்துத் திரும்புகிற ஆட்டும் அல்ல. நம்முடைய சனம் ஆட்டுகிற ஆட்டு: அலையில் கட்டிவிட்ட தோணி மாதிரித் தலை ஒரு தோளுக்குச் சரிந்து மறு தோளுக்குச் சரியும். அதற்கு ஓம் என்று அர்த்தம். சரி என்று அர்த்தம். பார்ப்போம் என்று அர்த்தம், நீ சொன்னால் சரிதான் என்று அர்த்தம், எனக்கென்ன வந்தது என்றும் அர்த்தம்.

மேஜர் இந்தத் தீவில் பிறந்தவர். அவருக்கு அது ஓம். சாக்கருக்கு முன்னால் கொண்டுபோய் விட்ட எல்லாப் பெடியனும் குற்றவாளி என்று தன் தலைநகரத்துக்கு அறிவித்தார், தலைநகரம் அவரைப் பாராட்டியது. டென்னிங் துரை கடல் தாண்டி வந்தவர், ஊர் மனங்களை வெல்வதற்காகவே சம்பளம் வாங்குகிறவர். அவருடைய கைநூலிலே தலை பக்கவாட்டில் அசைந்தால் இல்லை என்று போட்டிருந்தது. ஆகவே ஒரு பெடியனும் குற்றவாளி இல்லை, மாவும் மெசினும் வேலைசெய்துவிட்டன, ஊர் முழுக்க வென்றாயிற்று என்று அவர் தன் தலைநகரத்துக்கு அறிவித்தார், அந்தத் தலைநகரமும் பாராட்டியது. ஒரே சாக்கு, ஒரே ஆட்டு, இரண்டு பாராட்டு. லொறிக்கு டீசல் கொடுப்பது துரையின் கந்தோர். குற்றவாளியே இல்லாத ஊருக்கு டீசல் எதற்கு என்று அது கொடுக்கவில்லை. களஞ்சியப் பூட்டின் திறப்பு மேஜரின் இடுப்பில். அத்தனை பேரும் குற்றவாளி என்றபிறகு திறப்பானேன் என்று அவர் திறக்கவில்லை. போகவும் இல்லாமல் வரவும் இல்லாமல் பெடியள் உள்ளே கிடந்து, அழுகின வெங்காயத்தின் மணத்தில் மெலிந்தார்கள்.

இது முழுக்கத் தெரிந்த ஒரே ஆள் மொழிபெயர்ப்பாளர் சவுந்தரநாயகம் மாஸ்டர். ஒருகாலத்தில் தபால் கந்தோரில் இருந்தவர், இப்போது மேஜருக்கும் துரைக்கும் நடுவில் இருக்கிறவர். பவளராணி அவருடைய வீட்டுப் படலைக்குப் போனாள்.

“மாஸ்டர், சாக்கர் இல்லையெண்டு ஆட்டினவர் எண்டுதானே துரை எழுதியிருக்கிறார்?”

“ஓம் பிள்ளை.”

“அப்ப பெடியள் உள்ளுக்கு இருக்கினம் எண்டு அவருக்குத் தெரியுமோ?”

“அவர் கேக்கேல்லை. கேக்காததுக்கு நான் என்னத்தை மொழிபெயர்க்கிறது?”

“நீங்கள் சொல்லலாந்தானே.”

மாஸ்டர் பாண் துண்டைத் தேத்தண்ணியில் தோய்த்து வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்: “இஞ்சை பார் பிள்ளை. அவை ரெண்டு பேரும் ஆளையாள் விளங்காமல் இருக்குமட்டும் ஒருத்தருக்கும் ஒண்டும் நடவாது. விளங்கிச்சுதெண்டால்தான் நடக்கும். விளங்கப்பண்ணிப்போடாதை.”

“துரையிட்டைத்தானே மா இருக்கு, டீசல் இருக்கு? ரெண்டு பேரும் பிடுங்குப்பட்டால் அவர்தானே வெல்லுவார்?”

“வெல்லுவார், வெல்லுவார். அவர் எங்கை போனாலும் வெண்டுகொண்டுதான் வாறவர்,” என்றார் மாஸ்டர்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்ன எச்சரிக்கையை அவள் பகிடி என்று நினைத்துவிட்டாள். மற்றக் கிழமை தையல்மெசினையும் அவளையும் சேர்த்துப் படம் பிடிக்கத் துரை வந்தபோது, படத்துக்குச் சிரிக்கச் சொன்னபோது, அவள் சிரிக்கவில்லை. களஞ்சியப் பக்கம் கையைக் காட்டினாள். “தம்பி,” என்றாள். “உள்ளுக்கு.” துரைக்குத் தெரிந்த தமிழில் அந்த இரண்டு சொல்லும் இருந்தன.

துரை நேரே முகாமுக்குப் போனார். இல்லை என்றார். மேஜர் ஓம் என்றார். இருவரும் வேப்பமரத்தடிக்கு வந்து சாக்கரையே கேட்டார்கள், சாக்கர் இருவருக்கும் ஆட்டினார். வாசலில் கூடி நின்ற தாய்மாருக்கு அன்றைக்குப் பால்வார்த்த மாதிரி இருந்தது. துரையின் முகம் அப்படிச் சிவந்திருந்தது. அன்னபூரணம் மாமி, ஒரே மகன் வசீகரன் உள்ளே இருக்கிறவள், பவளராணியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். “நீ நல்லாய் இருப்பாய் மோளே. ஆம்பிளையள் செய்யாததைச் செய்தாய்.”

துரையின் தேசத்தில் ஒரு பிரச்சினை வந்தால் அதற்குக் கூடாரம் அடிப்பார்கள். அடித்தார்கள். ‘தலையசைவும் சமூகமும்: மூன்றுநாள் கலந்துரையாடல்’ என்று பதாகை தொங்கியது. விமானத்தில் நிபுணர்கள் வந்தார்கள், வெள்ளைப் பலகை வந்தது, வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல் வந்தது. பார்சலுக்குள் முட்டை இருக்கிறது என்று கேள்விப்பட்டு அயலூரும் வந்தது. சனத்தை வட்டமாக இருத்தி, வட்டத்துக்கு வெளியே மேஜருக்கு மெத்தை வைத்த கதிரை போட்டு, ஒரு நிபுணி அம்மா கையைத் தட்டிக்கொண்டு கேட்டாள்: ஓம் என்பதைத் தலையால் காட்டுங்கள். எல்லாரும் தோணி மாதிரிச் சரித்து ஆட்டினார்கள். துரை ஆ என்றார். எழுதினார். மேலும் கீழும் ஆட்டுகிறவர்கள் உண்டா என்று கேட்டாள். படித்தவர்கள் சிலர் ஆட்டினார்கள், அதுவும் ஓம்தான் என்றார்கள். அதையும் எழுதினார்.

“இனி, இல்லை என்பதைக் காட்டுங்கள்.”

அப்போதுதான் மேஜர் காலுக்கு மேல் காலைப் போட்டார். பிள்ளைப் பவுடர் வாசம் கூடாரம் முழுக்க வந்தது. மேஜர் பார்த்துக்கொண்டிருக்க இல்லை என்று ஆட்ட எந்தத் தலைக்குத் துணிவு வரும்? ஈச்சங்களப்பு முழுவதும், ஐயரும், வள்ளிபுரமும், அன்னபூரணமும், பவளராணியும், இல்லை என்பதற்கும் அதே தோணி ஆட்டையே ஆட்டினார்கள். நிபுணி அம்மா மூன்றுமுறை கேட்டாள், மூன்றுமுறையும் அதே ஆட்டு. கண்ணில் நீர் வந்துவிட்டது அவளுக்கு. எவ்வளவு இணக்கமான சனம் என்றாள்.

புதுக் கைநூல் அச்சாகி வந்தது, வழவழப்பான தாளில், முகப்பில் சாக்கரின் படத்தோடு. ‘இம்மண்ணில் பக்கவாட்டு அசைவுக்கு ஆம் என்று பொருள். மேல்கீழ் அசைவுக்கும் ஆம் என்று பொருள். இல்லை என்பதற்கு இம்மக்களிடம் அசைவு கிடையாது.’ துரை மேஜரிடம் போய், உங்கள் பண்பாட்டைப் பிழையாக விளங்கிக்கொண்டேன், மன்னிக்கவேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். மேஜருக்கு இல்லை என்கிற ஆட்டு நன்றாகத் தெரியும், தினம் பெண்சாதியிடம் அதைத்தான் வாங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் பெருந்தன்மையோடு மன்னித்தார். டீசல் வந்தது.

ஆனால் துரை நியாயமான மனுசர். சாக்கரை மட்டும் கேட்டு முடிவெடுப்பது சனநாயகம் ஆகாது என்றார். ஒவ்வொரு பெடியனுக்கும் வீட்டார் ஒருவரையும் கேட்கவேண்டும், எல்லாருக்கும் முன்னால், பகலில், துரையின் தேசத்திலிருந்து வரும் விருந்தாளிகள் பார்க்க. வாய்ச்சொல் மொழிபெயர்ப்பில் சிதையும் என்பது கலந்துரையாடலில் கண்ட முடிவு. ஆகவே தலை மட்டும். இதைக் கேட்டு சவுந்தரநாயகம் மாஸ்டர் தன் பழைய தபால்கந்தோர்க் கோட்டை மடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

மைதானத்தில் ஊர் கூடியது. ஒரு பக்கம் நிழல்பந்தலில் விருந்தாளிகள், ஒரு பக்கம் எஞ்சின் இரைந்தபடி லொறிகள், நடுவில் சாக்கர், சாக்கருக்குப் பக்கத்தில் துரையின் குமாஸ்தா. முதலில் வசீகரனைக் கொண்டுவந்தார்கள். குற்றவாளியா என்று கேட்டார்கள். சாக்கர் சரிந்து சரிந்து ஆட்டினார். அன்னபூரணத்தைக் கேட்டார்கள். அவள் அன்று வீட்டிலிருந்தே நினைத்து வந்திருந்தாள். மேஜரைப் பார்க்கவில்லை, பவுடரை மணக்கவில்லை, தலையை இடமும் வலமும் அறுத்து அறுத்து ஆட்டினாள், கொண்டை அவிழ்ந்து தோளில் விழுகிறவரைக்கும் ஆட்டினாள், கல்லுக்கும் விளங்கும் அந்த ஆட்டு. குமாஸ்தா கைநூலைப் பார்த்தான். பக்கவாட்டு அசைவு. “ஆம்,” என்றான். வசீகரன் லொறியில் ஏறினான், லொறி அப்பவே போனது.

என்ன நடந்தது என்று ஊருக்கு ஒரு நிமிசம் விளங்கவில்லை. விளங்கியதும் வள்ளிபுரத்தின் முறை வந்துவிட்டது. மருமகன் முன்னால் நின்றான். வள்ளிபுரம் கெட்டிக்காரர், பக்கவாட்டு பிழையென்றால் மற்றதைச் செய்வோம் என்று மேலும் கீழும் ஆட்டினார். “ஆம்,” என்றான் குமாஸ்தா, அந்த லொறியும் போனது. மூன்றாவது வந்த தகப்பன் கழுத்தை இறுக்கிக்கொண்டு ஆட்டாமல் நின்றார். இணக்கமான சனத்தின் அசையாத தலைக்கு என்ன பொருள் என்று துரையும் நிபுணி அம்மாவும் கிசுகிசுத்தார்கள். மறுப்பு இல்லை என்று முடிவு செய்தார்கள். “ஆம்.”

நாலாவது யோகன்.

பவளராணி தம்பியைப் பார்த்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது, தாடி வந்திருந்தது. சாக்கரிடம் கேட்கக் குமாஸ்தா வாயைத் திறந்தான். அவளுக்கு ஆட்ட ஒரு ஆட்டும் மிச்சம் இல்லை. இருந்தது கை மட்டும். போய்ச் சாக்கரின் இரண்டு மூலையையும் பிடித்துத் தூக்கினாள். பாரம் இல்லை, நெல் உலர்த்தும் படங்கைத் தூக்குகிற மாதிரித்தான் இருந்தது. உதறினாள், கொஞ்சம் மாத்தூள் பறந்தது. இரண்டாய் மடித்து, நாலாய் மடித்து, எட்டாய் மடித்து, கதிரையில் வைத்து, அதற்கு மேலே ஏறி இருந்துகொண்டாள்.

“எழும்பு,” என்றார் மேஜர்.

அவள் எழும்பவில்லை. விருந்தாளிகள் படம் பிடித்தார்கள். சாக்கர் அவளுக்குக் கீழே இளஞ்சூடாக இருந்தார். மடிப்புக்குள்ளும் சும்மா இருக்கவில்லை, சரி சரி, சரி சரி என்று ஆட்டிக்கொண்டிருந்தார், மடியில் கன்றுக்குட்டி தலை தேய்க்கிற மாதிரி.

“அக்கை, விடு,” என்றான் யோகன். “சுடுவாங்கள்.”

“நீ வாயைப் பொத்திக்கொண்டு நில்லு.”

துரை கைநூலைப் புரட்டினார். மடித்த சாக்கு ஆட்டினால் செல்லுமா என்று அதில் இல்லை. சாக்கரைக் கேட்காமல் வீட்டாரை மட்டும் கேட்கலாமா என்றும் இல்லை. மாற்றுச் சாக்கு ஒன்றை நியமிக்கலாம்தான், அதற்குத் தலைநகரத்தின் அனுமதி வேண்டும், அனுமதிக்கு இன்னொரு கூடாரம் வேண்டும். விருந்தாளிகள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள், விமானம் இருந்தது. இன்றோடு திட்டம் முடிகிறது என்று கந்தோர் எப்போதோ எழுதி வைத்திருந்தது, முடிந்த திட்டத்தில் டீசல் கிடையாது. கேட்ட மூவரும் ஆம். கேட்டவர்களுக்குள் முழு வெற்றி. கேட்கப்படாதவர்களுக்கு ஒரு பெயரும் இல்லை. பெயர் இல்லாதவர்களுக்குச் சோறு போட முகாமுக்கும் வழி இல்லை. மேஜருக்கும் கழுத்துப் பவுடர் வேர்வையில் கரைந்து களியாகிவிட்டது. அவர் கையை ஒருதரம் விசிறினார், ஈ கலைக்கிற மாதிரி. காவல்காரர்கள் துவக்கைத் தோளில் போட்டுக்கொண்டு தேத்தண்ணிக்குப் போனார்கள்.

துரை போகும்போது அவளுக்கு முன்னால் நின்று, மனங்கனிந்து, தான் புதிதாகப் பழகிய தோணி ஆட்டை ஆட்டிவிட்டுப் போனார்.

யோகனும் மிஞ்சிய பெடியளும் போகலாமா என்று தெரியாமல் கொஞ்சநேரம் நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராக நடந்தார்கள். வீட்டார் ஓடிவந்து பிடித்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் பவளராணியைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை கிடைத்தவர்கள் கிடைத்ததைப் பத்திரமாகக் கொண்டுபோகிற அவசரத்தில் பார்க்கவில்லை. வள்ளிபுரம் பார்த்தார், காறித் துப்பினார். “துரையிட்டை ஆர் போய்ச் சொன்னது? அவை ஆளையாள் விளங்காமல் இருக்குமட்டும் நாங்கள் எவ்வளவு நல்லாய் இருந்தனாங்கள்,” என்று களப்புப் பக்கம் போனார். அவள் தம்பியைப் பார்த்து, “நீ வீட்டை போ, உலை வை,” என்றாள். அவனும் போனான்.

மைதானத்தில் அன்னபூரணம் மாமி மட்டும் நின்றாள், அவிழ்ந்த கொண்டையோடு. மெல்ல வந்தாள். அடிப்பாள் என்று நினைத்துப் பவளராணி முகத்தைக் கொடுத்தாள். அவள் அடிக்கவில்லை.

“மோளே, நீ பக்கத்திலைதானே நிண்டனீ. பாத்தனீதானே. நான் இல்லையெண்டுதானே ஆட்டினனான்?”

ஓம் மாமி, இல்லையெண்டுதான் ஆட்டினனீங்கள், ஊரே பார்த்தது என்று சொல்லப் பவளராணி வாயைத் திறந்தாள். அவளறியாமல் தலை முந்திக்கொண்டது. ஒரு தோளுக்குச் சரிந்தது, மறு தோளுக்குச் சரிந்தது, திரும்பவும் சரிந்தது.

அந்தத் தலையை அன்னபூரணம் நெடுநேரம் பார்த்தாள். பிறகு தன் தலையை இரண்டு கையாலும், தளும்பாமல் கொண்டுபோகவேண்டிய குடத்தைப் பிடிக்கிற மாதிரி, இந்தக் காதிலும் அந்தக் காதிலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு மயிரளவும் அசையவிடாமல், மைதானத்தைக் கடந்து நடந்து போனாள்.